வல்லாரைப் பாத்தியும் மூன்று நெருப்புப்பெட்டிகளும்

எங்கள் வீட்டில் வல்லாரையைவிடக் கூடிய மரியாதை பிள்ளையாருக்கு மட்டும்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளிநொச்சியில் வாய்க்காலோரக் குடியேற்றக் காணிக்கு வந்தபோது, அம்மா ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரே செடி அதுதான். கிணற்றடித் தண்ணீர் வழிந்தோடுகிற பள்ளத்தில் அதை நட்டார். வன்னி மண்ணும் ஓயாத ஈரமும் சேர, ஒரு மாரிக்குள் பாய் விரித்ததுபோலப் படர்ந்துவிட்டது.

சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வல்லாரைச் சம்பல். இது எங்கள் ஆட்களிடையே சட்டம் மாதிரி. இலையைக் கிள்ளி, பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுத் தேசிக்காய் பிழிந்து பிசைய வேண்டும். அடுப்பில் வைத்தால் சத்துப் போய்விடும். உயர்தரச் சோதனைக்குப் படித்த இரண்டு வருடமும் நான் அதைத் தின்றேன். விலங்கியல் வினாத்தாளில் உருளைப்புழுவின் வாழ்க்கை வட்டத்தைக் கேட்டிருந்தார்கள். முட்டை, குடம்பி, ஈரல், நுரையீரல் என்று ஒரு சொல் பிசகாமல் படத்தோடு எழுதிவிட்டு வந்தேன். "வல்லாரையின்ர வேலை" என்றார் அம்மா. அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சோதனை முடிவு வரும்வரை சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, சம்பளமில்லாத ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே அலுமாரி ஒன்றுக்குள், வந்த பெட்டிகூடப் பிரிக்காமல், ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. அலுமாரித் திறப்பை என் கையில் வைக்கும்போது அதிபர் சொன்னார்: "உடைஞ்சால் திணைக்களத்துக்கு என்னாலை பதில் சொல்லேலாது பிள்ளை."

அதன் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மின்சாரம் கிடையாது. யன்னலோரம் மேசையை இழுத்து, அடியில் இருந்த சின்னக் கண்ணாடியை வானத்தின் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடிப்பேன். வெங்காயத் தோல், நுளம்பின் செட்டை, வாய்க்கால் தண்ணீரில் ஒரு துளி, அதிபரின் தலைமயிர் ஒன்று (அவருக்குத் தெரியாமல்) எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு துளித் தண்ணீருக்குள் அத்தனை பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த நேரத்தில் வீட்டில் எல்லோருடைய நெஞ்சிலும் இருந்த பாரம் சின்னவள்தான். அக்காவின் மகள், மூன்று வயது. அத்தான் சவூதிக்குப் போகும்போது அவள் ஆறு மாதக் குழந்தை. ஒவ்வொரு கடிதத்திலும் "பிள்ளையின்ர படம் ஒண்டு எடுத்து அனுப்பு" என்று எழுதுவார். அக்கா எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? கையும் காலும் ஈர்க்கு. வயிறு மட்டும் கவிழ்த்த சட்டி மாதிரி. கன்னத்தில் சதை இல்லை. நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பாள். இடைக்கிடை ஒரு வறட்டு இருமல் வந்து நாலு நாள் நின்றுவிட்டுத் தானாகப் போய்விடும். "கொஞ்சம் தேறட்டும், பிறகு எடுப்பம்" என்று அக்கா தள்ளிக்கொண்டே வந்தாள். தேறவில்லை. வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாள். கையில் நூல் கட்டினாள். கோவிலுக்கு நேர்ந்தாள். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று, வேலிப் பக்கம் கையை நீட்டினாள்.

பக்கத்து வளவில் இருந்தவர்கள் எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். பற்றை வெட்டி, மண்குடிசை போட்டு, எங்கள் ஆட்களின் வயல்களில் கூலிக்குப் போனார்கள். அங்கே என் அக்காவின் வயதில் ஒரு பெண். அவருடைய கடைசி மகனும் சின்னவளும் ஒரே வயது. வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் இரண்டு பேரும் நாள் முழுக்க நுழைவார்கள், வருவார்கள், போவார்கள்.

"உதுகளோடை விளையாடித்தான் இவளுக்குப் பூச்சி" என்றாள் அக்கா. "கக்கூசுகூட இல்லாத சனம். காட்டுக்கைதானே இருக்குதுகள்."

எங்களிடம் கக்கூசு இருந்தது. காணியின் பின்மூலையில், சீமெந்து வைத்தது. அந்தத் தெருவில் எங்களுடையதுதான் முதல் கக்கூசு. அந்தப் பெருமையோடு அக்கா ஒரு காலையில் கிளுவை முட்களையும் கிடுகையும் வைத்துப் பொட்டை இறுக அடைத்தாள். சின்னவள் முட்கம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மறுபக்கத்தில் அந்தப் பெண் நின்று பார்த்தார். மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் பூச்சி பார்க்க வேண்டுமென்றால் நெருப்புப்பெட்டிக்குள் மலத்தை வைத்துக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். "கிளினிக்கிலை எங்கட ஆக்கள் எத்தினை பேர் நிப்பினம். பெட்டியைக் கையிலை கண்டால் போதும், ஊரெல்லாம் கதைதான்."

எனக்குத்தான் நுணுக்குக்காட்டி இருந்ததே. ஒழுங்கான ஆராய்ச்சியாகவே செய்வோம் என்று மனதுக்குள் துள்ளினேன். மூன்று நெருப்புப்பெட்டி. முதலாவது சின்னவளுடையது. இரண்டாவது, நோய் எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க, பக்கத்து வளவுப் பையனுடையது. மூன்றாவது, துப்புரவான வயிறு எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க, என்னுடையது.

இரண்டாவது பெட்டியை எப்படிக் கேட்பது? வேலிக்கு மேலால் தலையை நீட்டினேன். அவர் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு உதவி. உங்கட சின்ன மகன்ர மலம் கொஞ்சம் வேணும்."

அவர் நிமிர்ந்து என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏன் டீச்சரம்மா, ஒங்க வீட்டுல இல்லாததா எங்க வீட்டுல இருக்கு?"

"பள்ளிக்கூடத்திலை வைச்சுப் படிக்கிறதுக்கு."

"யாழ்ப்பாணத்து ஆளுங்க எதையுமே படிக்காம விடமாட்டீங்க போல." பெட்டியை வாங்கிக்கொண்டார். "நான் தோட்டத்துல புள்ள மடுவத்துல ஆயாவா இருந்தவ. நாப்பது புள்ளைங்களுக்குக் கழுவி விட்டிருக்கேன். இதுல எனக்கு என்ன வெக்கம்?"

பிள்ளை மடுவம் என்றால், தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற நேரத்தில் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அவர் அங்கே வேலை செய்தவர் என்பது வருடக்கணக்காக அடுத்த வளவில் இருந்த எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. நாங்கள் கேட்டதே இல்லை.

அவர் கையில் இருந்த கீரையைப் பார்த்து, "எங்கட கிணத்தடியிலை வல்லாரை நிறையக் கிடக்கு, சம்பல் போடப் பிடுங்கித் தரட்டோ?" என்றேன். கேட்டதற்குப் பதிலாக ஏதாவது கொடுக்க வேண்டுமே.

"ஐயையோ, வேணாங்க. நீங்க பச்சயாத் திங்கிறத நான் பாத்திருக்கேன். ஆடு மாதிரி." மறுபடியும் சிரித்தார். "எங்களுக்கு எதுவா இருந்தாலும் கொதிக்கணும்."

மறுநாள் காலை வேலிக்கு மேலால் பெட்டி வந்தது, நூலால் கட்டி, வாழையிலையில் சுற்றி.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒருவரும் இல்லை. பக்கத்து வளவுப் பையனின் பெட்டியைத்தான் முதலில் திறந்தேன். ஒரு துளி உப்புத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தகட்டை மாற்றினேன். மூலை மூலையாகத் தேடினேன். நாலு தகடு பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எனக்கு அப்போது வந்தது ஏமாற்றம். சந்தோசம் வரவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு சின்னவளுடையது.

கண்ணை வைத்ததும் மூச்சை அடக்கிக்கொண்டேன். தேடத் தேவையே இருக்கவில்லை. பொன்னிறத்தில், நீள்வட்டமாக, மேலெல்லாம் மொட்டு மொட்டாகத் தடித்த தோலோடு, ஒரு பலாப்பழத்தை நெல்லுமணியிலும் சிறிதாக்கி, அதை மறுபடி மறுபடி சிறிதாக்கி வைத்ததுபோல. தகட்டை அசைத்தேன். இன்னொன்று. இன்னொன்று. புத்தகத்தில் நான் பார்த்தது கறுப்பு மையில் கோடு. இது வெயில் ஊடுருவித் தேனாக ஒளிர்ந்தது. உள்ளே ஒரு உயிர் உருண்டு கிடந்தது. இப்படி ஒன்றை ஒரு புழு நாள் முழுக்க, ஆயிரம் ஆயிரமாக, என் சின்னவளின் வயிற்றுக்குள் இருந்து செய்துகொண்டிருக்கிறது. அருவருப்பு வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். வந்தது வியப்பு. கோவிலில் தீபம் காட்டும்போது வருகிற மாதிரி, கைகூப்பத் தோன்றுகிற ஒரு வியப்பு.

மூன்றாவது பெட்டியை அசட்டையாகத்தான் திறந்தேன். ஒப்பிடுவதற்குத்தானே. அங்கேயும் பலாப்பழங்கள்.

யன்னலுக்கு வெளியே ஒரு மாடு மணியை ஆட்டிக்கொண்டு போனது. நான் கதிரையில் அப்படியே இருந்தேன். சோதனை மண்டபத்தில் உருளைப்புழுவின் படத்தை நான் கீறிக்கொண்டிருந்தபோது, அது என் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது.

எப்படி? முட்டை மண்ணிலிருந்து வாய்க்குப் போக வேண்டும். சின்னவள் மண்ணில் விளையாடுகிறாள், சரி. நான் மண் தின்பதில்லையே. அந்தக் கேள்வி என்னைச் சைக்கிளில் வீட்டுக்கு விரட்டியது.

வீட்டில் எதையும் சொல்லாமல், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற சாட்டில் குந்திக்கொண்டு, எங்கள் வீட்டையே தகட்டில் வைத்ததுபோலப் பார்த்தேன். பின்னேரம் சின்னவள் முற்றத்து ஓரத்தில் வெளிக்கு இருந்தாள். அக்கா வந்து, தென்னமட்டைத் துண்டால் அதை வழித்துக் கிணற்றடிப் பள்ளத்தில் எறிந்தாள். பிள்ளையைத் தூக்கிக் கிணற்றுக் கட்டின் ஓரத்தில் வைத்து, வாளித் தண்ணீரால் கழுவினாள். தண்ணீர் சீமெந்தில் வழிந்து, வாய்க்கால் மாதிரி ஒரு சின்னக் கோடு கட்டி, நேராக வல்லாரைப் பாத்திக்குள் போனது. இலைகள் மெல்ல அசைந்தன. அக்கா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

நாங்கள் அழுக்கான சனம் இல்லை. அதுதான் என்னை மலைக்க வைத்தது. தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் வர முடியாது. செத்தவீட்டுக்குப் போனால் படலையிலேயே தோய்ச்சல். இரண்டு நேரக் குளிப்பு, ஒவ்வொரு விடியலும் முற்றத்துக்குச் சாணித் தண்ணீர். துடக்குக்கு எங்களிடம் அத்தனை சட்டம் இருந்தது. சின்னப் பிள்ளையின் பீக்கு மட்டும் துடக்கில்லை. பால்குடி வாசனை மாறாத பிள்ளை, அது போவதில் என்ன அழுக்கு? அந்த ஒரு இடத்தில் எங்கள் சட்டம் அன்பினால் கண்ணை மூடிக்கொண்டது. புழு அந்த இடத்தைக் கண்டுபிடித்து, கிணற்றடியால் இறங்கி, வல்லாரையில் ஏறி, எங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கும் சம்பல் இருந்தது. நான் தொடவில்லை.

அக்காவிடம் சொன்னேன். நான் நினைத்ததிலும் பார்க்க மோசமாகப் போனது.

"பிள்ளையின்ர பீ ஒரு பீயே?" என்றாள் அக்கா. "உன்னை நான் தூக்கிக் கழுவேல்லையோ? செத்துப் போனியோ நீ?"

"வல்லாரையிலை பூச்சியோ? வாயைக் கழுவு" என்றார் அம்மா குசினிக்குள் இருந்து.

"அக்கா, நீ வந்து ஒருக்காப் பார். பிறகு என்னைப் பேசு."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு அக்கா வந்தாள். சின்னவளை அம்மாவிடம் விட்டுவிட்டு, கோவிலுக்கு வருகிற மாதிரிச் சேலை உடுத்திக்கொண்டு. நான் கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடித்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"உது என்ன, வடிவாக் கிடக்கு."

"அதுதான் அக்கா, முட்டை."

அவள் நிமிரவில்லை. குரல் இறங்கியது. "சின்னவளின்ரையோ?"

"இல்லை. என்ர."

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "கம்பசுக்குப் போகப்போற ஆள். வயித்துக்கை பண்ணை வைச்சிருக்கிறா."

சிரிப்பு அடங்கிய பிறகு கேட்டாள்: "அப்ப சின்னவளின்ரை?"

"இதைவிடக் கூட."

"பக்கத்து வளவுப் பெடியன்ரை?"

"ஒண்டுமில்லை. நாலுதரம் பாத்தனான்."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மறுபடியும் குனிந்து, கேட்காமலே, தகட்டை விரலால் மெல்ல நகர்த்தினாள்.

அடுத்த நாள் அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கையில் நெருப்புப்பெட்டி, ஒளிக்காமல். சின்னவளுக்கு ஒரு பாணி மருந்தும், எங்கள் எல்லோருக்கும் குளிசையும் கொடுத்தார்கள். சின்னவளின் வயிறு நிறையப் புழு இருக்கும் போலக் கிடக்குது, மருந்து கொடுத்த பிறகு வயிற்றுக் குத்தோ வாந்தியோ வந்தால் உடனே கொண்டுவா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போத்தலை மேசையில் வைத்துவிட்டு அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். கிடுகை இழுத்தாள். முட்கம்புகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தாள். கை கீறி இரத்தம் வந்தது. பொட்டு திறந்ததும் அதற்குள்ளால் குரல் கொடுத்தாள்.

"அக்கா, இஞ்சை ஒருக்கா வருவியளோ? பிள்ளைக்குப் பூச்சி மருந்து குடுக்கோணும். எனக்குத் தனியக் குடுக்கப் பயமாக் கிடக்கு."

அவர் வந்தார், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு. தாழ்வான பொட்டு, குனிந்துதான் வர வேண்டும். பின்னால் மகனும் வந்தான். அவனைக் கண்டதும் சின்னவள் மருந்தை ஒரே வாயில் விழுங்கிவிட்டு எழுந்து ஓடினாள்.

அடுத்த நாள் அவர் விடிந்ததும் மண்வெட்டியோடு வந்துவிட்டார். சின்னவள் முற்றத்தில் குந்தியிருந்து அழுதாள். அக்கா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முன்னால் குந்தினாள்.

"இழுத்துறாதீங்க. அதுவா வரட்டும்" என்றார் அவர். "நல்லதுதான் வருது. வெளிய வாறது நல்லது. பாருங்க, அம்மாவப் பாரு கண்ணு, ஒண்ணுமில்ல."

வந்தது. ஒன்றல்ல. வெளிறிய இளஞ்சிவப்பில், இரண்டு முனையும் கூராக, என் சாண் அளவுக்கு நீளமாக, சில இன்னும் நெளிந்துகொண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்குள் இத்தனை நீளமா? இதற்கெல்லாம் இடம் எங்கே இருந்தது? அந்தச் சிறிய உடம்பு இவ்வளவு பேருக்கும் சோறு போட்டுவிட்டு, மிச்சத்தில் ஓடி விளையாடி, பாட்டுப் பாடி, முட்கம்பைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறது. இந்தப் புழு ஒவ்வொன்றும் குஞ்சாக இருந்தபோது குடலைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குள் போய், தொண்டைவரை வந்து மறுபடி விழுங்கப்பட்டவை. அந்த வறட்டு இருமல் அவை படியேறிய சத்தம். அதற்குத்தான் அக்கா நூல் கட்டினாள். சோதனையில் நான் எழுதிய விடையின் ஒவ்வொரு வரியும் எங்கள் முற்றத்தில் கிடந்தது. நான் முழங்காலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"டீச்சரம்மாவுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருங்க" என்றார் அவர். "கண்ணு வெச்சிட்டாங்க."

உண்மையில் ஒன்றை எடுத்து ஜாம் போத்தலில் ஸ்பிரிற் ஊற்றிப் போட்டேன். மற்றவற்றை அவர் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார். கக்கூசு இல்லாத அவர்கள் காட்டுக்குப் போகும்போதும் மண்வெட்டியோடுதான் போவார்கள் என்பதை அன்றைக்குச் சொன்னார். பிள்ளை மடுவத்தில் பழகிய பழக்கமாம். பிறகு கிணற்றடிக்குப் போய், எங்கள் சவர்க்காரத்தைக் கேட்டு வாங்கி, முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். அக்கா பக்கத்தில் நின்று அவர் செய்வதைப் பார்த்து, அதே மாதிரிக் கழுவினாள். நகத்துக்குள்ளும்.

போத்தல் பள்ளிக்கூட அலுமாரிக்குள் போனது. "எங்கட பிள்ளையின்ரையெண்டு எழுதிப் போடாதை" என்று அக்கா மன்றாடினாள். "உருளைப்புழு, பெண்" என்று மட்டும் எழுதி ஒட்டினேன். இது எங்கே பிடித்தது ரீச்சர் என்று பிள்ளைகள் கேட்டபோது, ஒரு துப்புரவான வீட்டில் என்றேன்.

வல்லாரைப் பாத்தியை அம்மா மேட்டுப்பக்கம் மாற்றினார், கிணற்றடித் தண்ணீர் ஏறாத இடத்துக்கு. மாற்றும்போது என்னோடு கதைக்கவில்லை. அதன் பிறகு அதை வறையாக அடுப்பில் வைத்துத்தான் சாப்பிட்டோம். ஒவ்வொரு முறையும் முதல் வாய்க்கு அம்மா சொல்வார்: "சத்தெல்லாம் போச்சு." சின்னவளின் மலம் இப்போது மட்டையோடு நேராகக் கக்கூசுக்குப் போனது. பக்கத்து வளவுக்காரர் குழி வெட்டிக் கக்கூசு வைத்தபோது அக்கா கிடுகு பின்னிக் கொடுத்தாள். கிணற்றுக் கட்டில் ஒரு சிரட்டை, சிரட்டைக்குள் சவர்க்காரம். சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா ஒரே ஒரு சொல்தான் சொல்வாள்: "கையைக் காட்டு." சின்னவளும் பக்கத்து வளவுப் பையனும் வரிசையில் நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். சிலநாள் நானும்.

சோளகக் காற்று முடிகிற காலத்தில் சின்னவளின் கன்னத்தில் ஒரு மேடு வந்தது. அக்கா அதைத் தினமும் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒரு நாள், "வா, ரவுணுக்குப் போவம்" என்றாள். புதுச் சட்டை, புதுச் செருப்பு. ஸ்ரூடியோவில் சின்னவளை ஒரு கதிரையில் இருத்தினார்கள். படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் இருந்து தலையை எடுத்து, "தங்கச்சி, கையை மடியிலை வையுங்கோ" என்றார். அவளுக்குக் கேட்டது "கை" என்ற சொல் மட்டும்தான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரலெல்லாம் விரித்துக் காட்டினாள். எத்தனை தரம் சொல்லியும் மடக்கவில்லை. அப்படியேதான் படம் விழுந்தது.

படம் சவூதிக்குப் போனது. ஒரு மாதத்தில் அத்தானின் கடிதம் வந்தது. பிள்ளை நல்லாய்க் கொழுத்திருக்கிறாள், அம்மாவைப்போல வடிவு, ஆனால் இரண்டு கையையும் நீட்டி என்ன கேட்கிறாள், சொல்லி எழுது, வரும்போது வாங்கி வாறன் என்று எழுதியிருந்தார்.

அக்கா அன்றைக்கே பதில் எழுதினாள். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"ஒண்டும் கேக்கேல்லை. கழுவினதைக் காட்டுறாள்."